மூன்று ஊர்களை ஒரே நாளில் காட்டுவதாகச் சொன்ன பேருந்து

லண்டனுக்கு விடுமுறையில் செல்பவர்களிடம் பரவலாக விற்கப்படும் ஒருநாள் பேருந்துச் சுற்றுலா ஒன்று உண்டு. வின்ட்சர் கோட்டை, ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டம், பாத் நகரம் ஆகிய மூன்றையும் காலையில் தொடங்கி இரவுக்குள் காட்டி முடித்துவிடுவதாக அது சொல்கிறது. பல நிறுவனங்கள் அதை ஏறத்தாழ ஒரே வடிவில் நடத்துகின்றன. கோடைக்கால ஞாயிறு ஒன்றில் அம்மாவும் நானும் அவற்றுள் ஒன்றில் சென்றுவந்தோம். பேருந்து புதியது, இருக்கைகள் வசதியானவை, ஓட்டுநர் நிதானமானவர். இவற்றில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆயினும் இருவரும் ஏமாற்றத்தோடுதான் திரும்பினோம். அன்று மழை பெய்யவில்லை, கூட்டமும் எதிர்பார்த்த அளவுதான். ஏமாற்றத்துக்கான காரணம் அந்தச் சுற்றுலாவைத் திட்டமிட்ட முறையிலேயே இருந்தது என்பது பின்னர் பொறுமையாக யோசித்தபோது தெளிவாயிற்று. அடுத்து அதற்குப் பணம் கட்டப்போகிறவருக்குப் பயன்படட்டும் என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் தூரத்தைப் பார்க்க வேண்டும். மத்திய லண்டனிலிருந்து வின்ட்சர் சுமார் 40 கிலோமீட்டர். வின்ட்சரிலிருந்து ஸ்டோன்ஹெஞ்ச் சுமார் 100. அங்கிருந்து பாத் 55க்குச் சற்று மேல். பாத்திலிருந்து மீண்டும் லண்டன் ஏறக்குறைய 185. மொத்தம் 380 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் நெரிசலே இல்லாத நாளில்கூட இதற்கு ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. கோடை வார இறுதியில் ஆறு மணி நேரத்தைத் தாண்டிவிடும். பிரிட்டனில் சுற்றுலாப் பேருந்து ஓட்டுநர்களுக்குச் சட்டப்படியான நேரக் கட்டுப்பாடு உண்டு. நான்கரை மணி நேரம் ஓட்டியதும் 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும். ஒரு நாளில் ஓட்டும் நேரம் 9 மணியைத் தாண்டக் கூடாது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி வரை அனுமதி. பயணிகளின் உயிரைக் காக்கும் விதி அது, அதை நான் முழுமனத்தோடு மதிக்கிறேன். ஆனால் அதன் விளைவை நிறுவனங்கள் நம்மிடம் சொல்வதில்லை. திரும்பிவரும் நேரத்தை விருப்பப்படி நீட்ட முடியாது என்பதால், வழியில் ஏற்படும் ஒவ்வொரு தாமதமும் நாம் காணவேண்டிய இடங்களின் நேரத்திலிருந்தே கழிக்கப்படுகிறது. அதிலும் கடைசியாக வரும் ஊரின் நேரத்திலிருந்தே பெரும்பகுதி போகிறது.

வின்ட்சருக்கு நாங்கள் சென்றடைந்தபோது கோட்டை வாசலில் பாதுகாப்புச் சோதனைக்கான வரிசை வளர்ந்துவிட்டிருந்தது. பேருந்து நிறுத்தத்திலிருந்து கோட்டைக்கு ஏற்றமான நடை; முழங்கால் வலியுள்ள அம்மாவால் குழுவோடு சேர்ந்து நடக்க முடியவில்லை. கையில் எண் அட்டையைத் தூக்கிப்பிடித்தபடி முன்னால் சென்றுகொண்டிருந்த வழிகாட்டி திரும்பிப் பார்க்கவில்லை. வரிசையில் நின்றிருந்த போதுதான் புனித ஜார்ஜ் தேவாலயம் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்வையாளர்களுக்குத் திறக்கப்படாது என்று தெரியவந்தது. அன்று வழிபாட்டுக்கு வருவோருக்கு மட்டுமே அனுமதி. எட்டாம் ஹென்றியும், தலை துண்டிக்கப்பட்ட முதலாம் சார்லஸும் ஒரே நிலவறையில் கிடக்கும் இடம் அது. 2022இல் இரண்டாம் எலிசபெத் அரசி அடக்கம் செய்யப்பட்டதும் அங்கேதான். எங்களுக்கு அனுப்பப்பட்ட பயணத்திட்டத்தில் அந்தத் தேவாலயத்தின் பெயர் முதல் வரியிலேயே இருந்தது. ஞாயிறு பற்றிய குறிப்பு எங்குமே இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் பேருந்து ஓட்டும் நிறுவனத்துக்கு அது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. தெரிந்தே மறைக்கப்பட்ட ஒரு செய்தி, இல்லாத ஒன்றை விற்பதற்குச் சமம் என்றே நான் கருதுகிறேன்.

எஞ்சிய நேரத்தில் அரச மாளிகையின் கூடங்களைப் பார்த்தோம். 1992 நவம்பர் 20 அன்று பிடித்த தீயில் இந்தக் கோட்டையின் ஒரு பகுதி எரிந்து, 1997இல் சீரமைப்பு முடிந்தது. தீயில் அழிந்த புனித ஜார்ஜ் கூடத்தின் கூரை ஓக் மரத்தால் புதிதாக அமைக்கப்பட்டது. இடைக்காலத் தச்சர்களின் முறையில் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய கூரை என்று தெரிந்து அதன் கீழ் நிற்பதற்கும், தெரியாமல் கடந்துபோவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. எங்கள் குழுவில் பெரும்பாலோர் தெரியாமலே கடந்துபோனார்கள்.

பேருந்து வின்ட்சரை விட்டுப் புறப்பட்டதும் வழிகாட்டி ஒலிவாங்கியில் பேசத் தொடங்கினார். அடுத்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்குத் திரும்பிவர வேண்டும், தாமதமாக வந்தால் பேருந்து காத்திருக்காது, கழிப்பறை எங்கே இருக்கிறது என்பவற்றைச் சொன்னார்; சில வேடிக்கைக் கதைகளைச் சொன்னார்; பிறகு எல்லோரும் ஓய்வெடுக்கலாம் என்று சொல்லிவிட்டு அமர்ந்துவிட்டார். இந்தச் சுற்றுலாவின் மிகப்பெரிய இழப்பு இங்கேதான் நேர்ந்தது. வழிகாட்டியோடு செல்லும் பயணத்தில் பேருந்துக்குள் கழியும் நேரம்தான் அவருக்குக் கிடைக்கும் வகுப்பறை. இறங்கிய பிறகு காற்றும் கூட்டமும் பேச்சைக் கலைத்துவிடும். ஐம்பது பேர் ஒரே இடத்தில் உட்கார்ந்து, வேறு வேலையின்றி, அடுத்துக் காணப்போவதைப் பற்றிக் கேட்கத் தயாராக இருக்கும் நேரம் அந்த ஒன்றரை மணி நேரம் மட்டுமே.

சொல்வதற்கு அந்தச் சாலையில் எவ்வளவோ இருந்தது. வின்ட்சருக்கு மிக அருகில்தான் ரன்னிமீட் புல்வெளி இருக்கிறது. மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மாக்னா கார்ட்டா சாசனத்துக்கு 1215 ஜூன் மாதம் ஜான் மன்னர் இசைந்து முத்திரையிட்ட இடம். ஸ்டோன்ஹெஞ்சுக்கு முன்னால் வரும் ஏம்ஸ்பரியில் 2002ஆம் ஆண்டில் ஒரு கல்லறையைக் கண்டெடுத்தார்கள். சுமார் 4,300 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட ஒரு மனிதரின் எலும்புகளும், அவரோடு அம்பு முனைகளும், செம்புக் கத்திகளும், பொன் அணிகளும் கிடைத்தன. பற்களைச் சோதித்தபோது அவர் இளமையில் ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் வளர்ந்தவர் என்று தெரிந்தது. அந்தக் காலத்தில் அவ்வளவு தொலைவிலிருந்து ஒருவர் இங்கே வந்து வாழ்ந்து இறந்திருக்கிறார் என்பது, வெளிநாட்டுப் பயணிகள் நிரம்பிய ஒரு பேருந்தில் சொல்வதற்கு எவ்வளவு பொருத்தமான செய்தி! நாங்கள் சென்ற ஏ303 சாலை கல்வட்டத்தின் பக்கத்திலேயே செல்கிறது. கற்களைப் பார்ப்பதற்காக வண்டிகள் வேகம் குறைவதும் அங்கே நெரிசலுக்கு ஒரு காரணம். அந்தச் சாலையை நிலத்துக்கடியில் சுரங்கமாகக் கொண்டுசெல்லும் திட்டம் பல்லாண்டு வழக்குகளுக்கும் போராட்டங்களுக்கும் பிறகு 2024இல் அரசால் கைவிடப்பட்டது. நாங்கள் அதே நெரிசலில் அசையாமல் நின்றிருந்தோம். அப்போதும் வழிகாட்டி எதுவும் சொல்லவில்லை.

ஸ்டோன்ஹெஞ்சில் இறங்கியவுடன் கற்களைப் பார்த்துவிட முடியாது. 2013இல் திறக்கப்பட்ட பார்வையாளர் மையம் கல்வட்டத்திலிருந்து 2.4 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து வேறொரு சிறு பேருந்தில் செல்ல வேண்டும், அல்லது நடக்க வேண்டும். கற்களைச் சுற்றிய நிலத்தை இயல்பான புல்வெளியாக விட்டுவைப்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. நல்ல ஏற்பாடு என்பதே என் எண்ணம். ஆனால் போகவும் வரவும் வரிசையில் நிற்கும் நேரத்தை எங்கள் திட்டம் கணக்கில் எடுக்கவே இல்லை. கொடுக்கப்பட்ட நேரமே ஒன்றரை மணிக்குக் குறைவு. அதில் பெரும்பகுதி இந்த இடைப்பயணத்தில் போயிற்று. பார்வையாளர் மையத்தில் சுமார் 5,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவரின் மண்டையோட்டைக் கொண்டு மீட்டுருவாக்கிய முகம் இருக்கிறது. அகழாய்வுச் சான்றுகளின்படி மீண்டும் கட்டிய புதிய கற்கால வீடுகள் வெளியே வரிசையாக நிற்கின்றன. அவற்றைக் கண்ணாடிக் கதவு வழியாகவும் ஓடும் ஓட்டத்திலும் பார்த்ததோடு சரி.

கற்களின் முன்னால் நின்றபோது அம்மா என்னிடம் கேட்டார்: “மேலே படுத்திருக்கிற கல் நழுவாம எப்படி நிக்குது? கனம் மட்டும்தானா? அவரைக் கேட்டுச் சொல்லேன்.” நான் வழிகாட்டியிடம் சென்று கேட்டேன். “அது இன்றுவரை யாருக்கும் விளங்காத மர்மம்” என்று அவர் சொன்னார். பேருந்துக்குத் திரும்ப இருபது நிமிடமே இருப்பதையும் நினைவூட்டினார்.

அது மர்மமே அன்று. நிற்கும் கல்லின் உச்சியில் ஒரு முளையைச் செதுக்கி, மேலே வைக்கும் கல்லின் அடியில் அதற்கு ஏற்ற குழியைக் குடைந்து, ஒன்றன்மீது ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். வட்டமாக அமைந்த மேற்கற்களின் பக்கவாட்டிலும் ஒன்றின் துருத்தல் மற்றொன்றின் பள்ளத்தில் பொருந்துகிறது. மரவேலை செய்யும் தச்சர் பயன்படுத்தும் அதே இணைப்பு முறையை, இரும்பு உளி இல்லாத காலத்தில், கல்லைக் கொண்டே கல்லை அடித்துச் செய்திருக்கிறார்கள். மேற்கல் விழுந்துபோன ஒரு பெரும் தூணின் உச்சியில் அந்த முளை வெளியிலிருந்தே தெளிவாகத் தெரிகிறது. கயிற்று வேலிக்கு இப்பால் நிற்பவர் தலையைச் சற்று உயர்த்தினால் போதும். 1970களின் பிற்பகுதியிலிருந்து பொதுமக்கள் வட்டத்துக்குள் செல்லும் வழக்கம் நிறுத்தப்பட்டுவிட்டது என்பதால், எங்கே பார்க்க வேண்டும் என்று சுட்டிக்காட்டும் ஒருவரின் தேவை இன்னும் அதிகமாகிறது. அம்மாவின் கேள்விக்கான விடை எங்கள் கண்ணெதிரே நின்றது. அதைச் சுட்டுவதற்கென்றே பணம் பெற்றுக்கொண்டு வந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைய நாளில் என்னை உண்மையாகவே வருத்தியது இதுதான்.

இந்த வட்டத்தைக் கட்டியவர்கள் ட்ரூயிட் எனப்படும் பழங்காலக் கெல்டியப் பூசாரிகள் என்றும் அவர் ஒலிவாங்கியில் சொல்லியிருந்தார். பெருங்கற்கள் நிறுத்தப்பட்டது சுமார் கி.மு. 2500இல், ட்ரூயிடுகளைப் பற்றிய குறிப்புகள் எழுத்தில் தோன்றுவது அதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் பிறகுதான். பதினேழாம் நூற்றாண்டில் ஜான் ஆப்ரி, பதினெட்டாம் நூற்றாண்டில் வில்லியம் ஸ்டூக்லி என்ற தொல்பொருள் ஆர்வலர்கள் முன்வைத்த ஊகம் அது. அவர்கள் காலத்தில் கற்களின் வயதைக் கணிக்க வழியில்லை. ஆகவே அவர்களைக் குறைசொல்ல இயலாது. இன்றைக்கு அதையே உண்மை என்று சொல்லிக்கொண்டிருப்பது வேறு. அதைவிட வியப்பான உண்மைகள் கையில் இருக்கும்போது பழைய ஊகத்தைச் சொல்ல வேண்டிய தேவைதான் என்ன? சராசரியாக 25 டன் எடையுள்ள பெரிய கற்களில் பெரும்பாலானவை சுமார் 25 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் வெஸ்ட் உட்ஸ் என்ற காட்டுப்பகுதியிலிருந்து வந்தவை என்பது 2020இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. சிறிய நீலக்கற்கள் வேல்ஸ் நாட்டின் பிரெசெலி மலைகளிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் கொண்டுவரப்பட்டவை. நடுவில் கிடக்கும், பலிபீடக் கல் என்று அழைக்கப்படும் ஆறு டன் கல், ஸ்காட்லாந்தின் வடகிழக்குப் பகுதியைச் சேர்ந்தது என்று 2024இல் கண்டறிந்தார்கள். சக்கர வண்டியும் சாலையும் இல்லாத மக்கள் தீவின் மறுகோடியிலிருந்து அதை ஏன் கொண்டுவந்தார்கள் என்று கேட்டிருந்தால், பேருந்தில் ஒருவரும் தூங்கியிருக்க மாட்டார்கள்.

பாத் நகரை அடைந்தபோது, காலையில் தொடங்கிச் சேர்ந்துவந்த தாமதம் முழுவதும் அந்த ஊரின் பங்கை விழுங்கிவிட்டிருந்தது. கையில் எஞ்சியது ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். நகரம் முழுவதுமே 1987 முதல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் இருப்பது. முப்பது வீடுகள் பிறைவடிவில் நிற்கும் ராயல் கிரெசென்ட், இருபுறமும் கடைகள் கொண்ட புல்டனி பாலம், தேவாலயம், ரோமானியர் குளியலகம் ஆகிய அனைத்தும் எங்கள் திட்டத்தில் பெயரளவில் இருந்தன. நாங்கள் குளியலகத்தை மட்டும் தேர்ந்தோம். 46 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள ஊற்று நாள்தோறும் 11,70,000 லிட்டர் நீரை அங்கே கொட்டுகிறது. ரோமானியர்கள் ஈயத் தகடு வேய்ந்த பெருந்தொட்டியின் தளம் இன்னும் நீரைத் தாங்கி நிற்கிறது. உள்ளே ஒரு காட்சிப்பேழையில், சுலிஸ் மினர்வா என்ற தெய்வத்திடம் முறையிட்டு ஈயத் தகடுகளில் எழுதி ஊற்றில் போட்ட சாபங்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. அவ்வாறு சுமார் 130 தகடுகள் கிடைத்துள்ளன. ஒருவர் தம் இரு கையுறைகளைத் திருடியவன் அறிவையும் கண்களையும் இழக்க வேண்டும் என்று வேண்டியிருக்கிறார். அம்மா அதை இரண்டு முறை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். ஏறத்தாழப் பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஒரு மனிதரின் கோபம் அவ்வளவு அருகில் கேட்டது. அன்றைய சுற்றுலாவில் நாங்கள் உண்மையாகவே ஓர் இடத்தில் இருந்தோம் என்று சொல்லக்கூடிய பத்து நிமிடங்கள் அவைதாம். அவையும் வழிகாட்டியால் கிடைக்கவில்லை. அவர் பேருந்தருகே காத்திருந்தார்.

இவ்வளவு சொன்ன பிறகும் அந்தத் தனிமனிதர்மீது எனக்குச் சினம் இல்லை. ஒரே பாதையில் மீண்டும் மீண்டும் சென்றுவரும் ஒருவருக்கு, நேரத்துக்குப் பேருந்தைக் கொண்டுசேர்ப்பதே பணி என்று நிறுவனம் கற்பித்திருந்தால், அவர் அதைத்தான் செய்வார். கிரீஸ், இத்தாலி போன்ற நாடுகளில் வழிகாட்டிகளுக்கு உரிமம் கட்டாயம். பிரிட்டனில் அப்படி இல்லை. அங்கே யார் வேண்டுமானாலும் ஒலிவாங்கியைப் பிடிக்கலாம். ஆனால் நீண்ட பயிற்சிக்கும் தேர்வுகளுக்கும் பிறகு வழங்கப்படும் ‘புளூ பேட்ஜ்’ என்ற தகுதி அங்கே இருக்கிறது. அதைப் பெற்றவர்தாம் உடன் வருகிறாரா என்பதைப் பணம் கட்டுமுன் கேட்பது நம் உரிமை. அக்கேள்விக்கு நேரான விடை தராத நிறுவனத்தை விட்டுவிடலாம்.

திரும்பி வந்ததும் நிறுவனத்துக்கு எழுதினேன். ஒருநாள் சுற்றுலாவில் இது பலருக்கும் தெரியாத பகுதி என்பதால் சற்று விளக்குகிறேன். பிரிட்டனின் 2018ஆம் ஆண்டுத் தொகுப்புச் சுற்றுலா விதிகள், இரவுத் தங்கல் இல்லாத, 24 மணி நேரத்துக்குக் குறைவான பயணங்களுக்குப் பொருந்துவதில்லை. ஆனால் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் பொருந்துகிறது. சேவையை நியாயமான கவனத்தோடும் திறனோடும் வழங்க வேண்டும் என்று அது சொல்கிறது. வாங்குபவர் முடிவெடுக்கும்போது நம்பிய தகவலை ஒப்பந்தத்தின் பகுதியாகவே கருதுகிறது. அது நிறைவேறாதபோது கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தர வழிசெய்கிறது. வழிகாட்டி நன்றாகப் பேசவில்லை என்பதை மெய்ப்பிப்பது கடினம். திட்டத்தில் எழுதிய தேவாலயம் மூடியிருந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது. எனவே அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு, திட்டத்தின் படியையும் பயணத் தேதியையும் இணைத்து எழுதினேன். முதலில் அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடி தருவதாகப் பதில் வந்தது. சட்டத்தைக் குறிப்பிட்டு மீண்டும் எழுதியபோது கட்டணத்தில் ஒரு பகுதி திரும்பி வந்தது. அதைவிட, ஞாயிறு பற்றிய குறிப்பை அவர்கள் திட்டத்தில் சேர்த்திருந்தால் நான் மகிழ்ந்திருப்பேன். கடைசியாகப் பார்த்தபோதும் அது சேர்க்கப்படவில்லை.

இந்த மூன்று இடங்களையும் காண விரும்புகிறவருக்கு நான் சொல்வது இதுதான்: அவற்றைத் தனித்தனி நாட்களில் பாருங்கள், நாள் போதாவிட்டால் ஒன்றை விட்டுவிடுங்கள். லண்டன் பேடிங்டன் நிலையத்திலிருந்து பாத் நகருக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரம். குளியலகம் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். வின்ட்சருக்கும் ரயிலிலேயே போகலாம். கோட்டை பொதுவாகச் செவ்வாய், புதன் கிழமைகளில் திறப்பதில்லை என்பதையும் ஞாயிறன்று தேவாலயத்தைக் காண முடியாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்டோன்ஹெஞ்சுக்கு வாட்டர்லூவிலிருந்து சாலிஸ்பரி வரை ரயிலிலும், அங்கிருந்து பேருந்திலும் செல்லலாம். சாலிஸ்பரியிலேயே பிரிட்டனின் மிக உயரமான, 123 மீட்டர் கோபுரம் கொண்ட பேராலயமும், அதனுள் 1215ஆம் ஆண்டு மாக்னா கார்ட்டாவின் எஞ்சியுள்ள நான்கு மூலப்படிகளில் ஒன்றும் இருக்கின்றன. ஏம்ஸ்பரியில் கிடைத்த அந்த மனிதரின் எலும்புகளும் பேராலயத்துக்கு எதிரே உள்ள அருங்காட்சியகத்தில்தான் இருக்கின்றன. கற்களுக்கு இடையே நடந்துபார்க்க விரும்புவோருக்கு, வழக்கமான பார்வை நேரத்துக்கு முன்போ பின்போ சிறு குழுக்களை வட்டத்துக்குள் அனுமதிக்கும் ஏற்பாடும் உண்டு. கற்களைத் தொடக் கூடாது, இடங்கள் குறைவு, முன்பதிவு வெகுமுன்னதாகவே செய்ய வேண்டும்.